ஸ்பானிய வாசிப்பு வட்டம், மாட்ரிட்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் இரண்டு சனிக்கிழமை கூடினோம். பொங்கல் விழா நல்லபடியாக நடந்தது. ஏப்ரல் 23 புத்தக நாளில் வந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கினோம். ஜூனில் ரெத்திரோ பூங்காவின் புத்தகக் கண்காட்சிக்குப் போய்வந்தோம்.

அடுத்து, என் பொறுப்பில் நடந்த பயிற்சி. தனக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்பதை ஸ்பானியத்தில் தயங்காமல் சொல்லப் பழகுவதுதான் அது. இதற்குப் போய் ஒரு வருடமா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். ஆமாம், ஒரு வருடம் வேண்டியிருந்தது. நம்மில் பலர் ஸ்பானியத்தை ஆங்கிலம் வழியாகப் படித்தோம். அதனால் வாயைத் திறந்தாலே 'யோ', அதாவது 'நான்' என்று தொடங்கி மாட்டிக்கொள்கிறோம். தமிழில் யாரும் 'நான் நாவலைப் பிடிக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'எனக்கு நாவல் பிடிக்கும்' என்கிறோம். ஸ்பானியமும் அதேதான். 'மே' என்றால் எனக்கு. 'மே குஸ்தா லேயெர்', எனக்கு வாசிக்கப் பிடிக்கும். பக்கத்தில் இருப்பவர் 'ஆ மி தம்பியென்' என்றால் எனக்கும்தான். 'ஆ மி தம்போகோ' என்றால் எனக்கும் பிடிக்காது. இதைப் பலகையில் எழுதிய அன்று முதலில் பேசியவர், ஆங்கிலமே தெரியாத, மகள் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா. 'மே குஸ்தான் லோஸ் குவெந்தோஸ்', எனக்குச் சிறுகதைகள் பிடிக்கும் என்றார். அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பயிற்சி தகும் என்பேன்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. நமக்கு ஒரு கதையானாலும் பல கதையானாலும் 'பிடிக்கும்'தான். அங்கே ஒன்றுக்கு 'குஸ்தா', பலவற்றுக்கு 'குஸ்தான்'. நாவலைவிடக் கவிதை என்று சொல்ல 'ப்ரெஃபியெரோ லா போயெசியா ஆ லா நோவெலா'. மற்ற ஒப்பீடுகளில் 'விட' என்பதற்கு வரும் 'கே'யை இங்கே நடுவில் போடுவது தவறு. பழைய புத்தகம் விற்கும் குவெஸ்தா தெ மொயானோவில் இதைச் சொல்லிப் பார்க்கக் கூட்டிப்போனேன். துப்பறியும் கதைக்கு அங்கே 'நோவெலா நெக்ரா' என்று கேட்கலாம். கடைக்காரர்கள் பொறுமையாகப் பேசினார்கள். வந்தவர்கள் நான்கே பேர்.

மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். குடியுரிமைக்கு டெலே ஏ2 என்ற ஸ்பானிய மொழித் தேர்வு எழுத வேண்டியவர்கள் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் தவறாமல் வருகிறார்கள். தேர்ச்சி பெற்றபின் வாழ்த்துச் சொல்லக்கூட அவர்களைப் பார்க்க முடிவதில்லை. சந்தாவும் நின்றுவிடுகிறது. பாதிப் பேருக்குமேல் பாக்கி. பெயர்களை வாசிக்கப் போவதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. சிறிதளவு கையிருப்பு உண்டு. விவரம் பொருளாளரிடம்.

அறை தந்த நூலகத்தாருக்கும், தேநீர் கொண்டுவந்த சகோதரிகளுக்கும், பலகையைத் தூக்கிவந்த தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் என் வேலை நேரம் மாறுகிறது. சனிக்கிழமைப் பயிற்சியைத் தனியாக என்னால் நடத்த முடியாது. என் குறிப்பேடுகளை முழுவதும் தந்துவிடுகிறேன். இருவர் முன்வந்தால் மாற்றி மாற்றி நடத்தலாம். ஏ2 தேறியவர்களில் ஒருவர் வந்தால் மிகவும் மகிழ்வேன். கூட்டம் முடிந்ததும் வாசலருகே இருப்பேன். சந்தாவையும் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்