அச்சில் வராத 530 பவுண்

ரூட்டிங், இலண்டன்
26 ஜூன் 2024

அன்புள்ள நடா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் படியேறத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் வீட்டில் இருவருக்கும் மனம் நிறைந்தது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமன்று. "வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுடைய கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்தவன் நீ; இந்த ஜூலை 4 பொதுத் தேர்தல் விஞ்ஞாபனங்களையும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்" என்று கேட்டிருந்தாய். ஆளும் கொன்சவேட்டிவ் கட்சி 11ஆம் தேதி சில்வர்ஸ்டோன் கார்ப் பந்தயத் திடலிலும், தொழிற்கட்சி 13ஆம் தேதி மான்செஸ்டரிலும் வெளியிட்டவற்றை முதல் எழுத்திலிருந்து கடைசி அட்டவணை வரை வாசித்தேன்; மற்றவற்றை மேலோட்டமாகப் பார்த்தேன். அட்டவணைகள் எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் திவசம். படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் கண்ணயரப் போகும் நேரத்தில் அக்காவின் மகன்தான் பேச்சைத் தொடங்கிவைத்தான். தொழிற்கட்சி வந்தால் ஒவ்வொரு குடும்பமும் 2,000 பவுண் கூடுதலாக வரி கட்ட வேண்டியிருக்கும் என்றான். ஜூன் 4ஆம் தேதி ஐ.ரி.வி. விவாதத்தில் பிரதமர் சுனக் இதை மீண்டும் மீண்டும் சொன்னதும், தொழிற்கட்சித் தலைவர் ஸ்டார்மர் மறுத்துப் பேச நெடுநேரம் எடுத்துக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். எனக்கு அந்தத் தொகையைக் காட்டிலும் அது செய்யப்பட்ட முறைதான் சுவையாக இருந்தது. தொழிற்கட்சியின் திட்டங்களுக்கு நான்கு ஆண்டுகளில் 38.5 பில்லியன் பவுண் பற்றாக்குறை வரும் என்று கொன்சவேட்டிவ் கட்சிக்காரர்கள் தாங்களே அனுமானித்து, அதை உழைக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையான ஏறத்தாழ 1 கோடி 84 இலட்சத்தால் வகுத்து எடுத்த ஈவு அது. திறைசேரியின் நிரந்தரச் செயலாளர், இதை அரசு ஊழியர்கள் தயாரித்த கணக்கென்று காட்டக்கூடாது என எழுதிய கடிதம் மறுநாளே வெளியாகிவிட்டது. நான்கு ஆண்டுத் தொகை என்பதைச் சொல்லாமல் சொன்னால் கேட்பவருக்கு எப்படித் தெரியும் என்று புள்ளிவிவர ஆணையமும் கேட்டது.

நான் ஒரு தாளை எடுத்து அதை நான்கால் வகுத்தேன். ஆண்டுக்குச் சுமார் 520 பவுண் வந்தது. பிறகு அதே தாளில் இன்னொரு கணக்கும் போட்டேன். வருமான வரி கட்டத் தேவையில்லாத முதல் 12,570 பவுண் என்னும் வரம்பு 2021 முதல் அப்படியே உறைந்து கிடக்கிறது. 2028 ஏப்ரல் வரை உறைந்திருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். வழக்கம்போல விலைவாசியோடு சேர்த்து உயர்த்தியிருந்தால் இன்று அது 15,200 பவுணைத் தொட்டிருக்கும். இடைப்பட்ட தொகைக்கு இருபது வீதம் வரி என்றால், அடிப்படை வீதத்தில் கட்டும் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 530 பவுண் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். குடும்பத்துக்கு அன்று, ஆளுக்கு. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர், நோர்தேர்ன் லைனில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் வரப்போகிறது என்று பயமுறுத்தும் தொகையை நான் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் போலிருக்கிறதே" என்றார். நடா, இந்த உறைநிலையைக் கொண்டுவந்த கட்சி அதைத் தன் சாதனைகளில் எழுதவில்லை; எழுதாதது இயல்புதான். எதிர்த்து நிற்கும் கட்சியும் அதை நீக்குவதாக ஒரு வரி எழுதவில்லை என்பதைத்தான் நான் தாளின் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், வேலை செய்பவர்களுக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைத்திருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்புறுதி வீதம் ஜனவரியில் 12இலிருந்து 10ஆகவும், ஏப்ரலில் 8ஆகவும் குறைந்தது. 2027க்குள் 6ஆக்குவோம் என்கிறது கொன்சவேட்டிவ் விஞ்ஞாபனம். உனக்கும் எனக்கும் அதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் ஓய்வூதியக்காரர் தேசியக் காப்புறுதி கட்டுவதில்லை. அதற்கு ஈடாகத்தான் நம் வயதினருக்கு மட்டும் வரி வரம்பை உயர்த்துவதாக "ட்ரிப்பிள் லொக் பிளஸ்" என்று ஒன்றை அறிவித்தார்கள். முழுப் புதிய அரச ஓய்வூதியம் இப்போது வாரம் 221 பவுண் 20 பென்ஸ், ஆண்டுக்குச் சுமார் 11,500. இன்னும் இரண்டு மூன்று உயர்வுகளில் அது வரம்பைத் தாண்டிவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வரியாக எடுக்கும் நிலை வரும். வயதானவர்களுக்கென்று முன்பு இருந்த தனி வரம்பை 2012 வரவுசெலவுத் திட்டத்தில் ஒழிக்கத் தொடங்கியது இதே கட்சியின் நிதியமைச்சர்தான் என்பதையும் அந்த அறிவிப்பு சொல்லவில்லை. என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலைக்குப் போகிற எங்களுக்கு ஒரு வரம்பு, வீட்டிலிருக்கிற உங்களுக்கு ஒரு வரம்பா, அப்பா?" என்று கேட்டாள். வாக்களிப்பதில் எங்கள் தலைமுறை தவறாது என்று அவர்களுக்குத் தெரியும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் கோபத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 2010இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று லிபரல் டெமோகிராட் வேட்பாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்ததும், கூட்டணி அரசில் சேர்ந்த பிறகு அது 9,000 பவுண் ஆனதும் நாடறிந்த கதை. 2012இல் அந்தக் கட்டணத்தோடு உள்ளே போன முதல் தொகுதியில் அவளும் ஒருத்தி. 57 இடங்கள் வைத்திருந்த கட்சி 2015இல் எட்டுக்கு இறங்கியது. ஆகவே, "விஞ்ஞாபனம் என்பது வெறும் கடதாசிதானே" என்று நீ எழுதியிருந்ததை நான் முழுதாக ஏற்கமாட்டேன். அதை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது, உண்மை. ஆனால் ஆளுங்கட்சி அதில் எழுதிய ஒரு சட்டத்தைப் பிரபுக்கள் சபை தடுத்து நிறுத்துவதில்லை என்ற மரபு 1945க்குப் பிறகு இங்கே வேரூன்றியிருக்கிறது. ஆகவே எழுதிய வரிக்கு ஒரு பலம் உண்டு. எழுதாத வரிக்கு அது இல்லை. நாம் பையன்களாக இருந்த 1970இல், இலங்கைத் தேர்தலில், சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து தருவோம் என்று மேடை மேடையாக முழங்கினார்களே, அதற்கு எந்த அட்டவணையும் இருக்கவில்லை.

தொழிற்கட்சியின் அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தேகம் நேர்மாறானது. அதிகம் வாக்குறுதி கொடுக்கிறார்கள் என்று ஊர் சொல்கிறது. கூட்டிப் பார்த்தால் அன்றாடச் செலவில் அவர்கள் சேர்ப்பது ஆண்டுக்கு 5 பில்லியனுக்கும் சற்றுக் குறைவு. அரசின் மொத்தச் செலவோ 1,200 பில்லியனுக்கும் மேல். நூறு பவுண் செலவழிக்கும் வீட்டில் நாற்பது பென்ஸ் கூட்டுவதற்கு அட்டைப்படத்தில் "மாற்றம்" என்று போட்டிருக்கிறார்கள். அதே வேளையில் வருமான வரி வீதம், தேசியக் காப்புறுதி, பொருள்களின் மீதான பெறுமதி சேர் வரியான வற் வரி மூன்றையும் உயர்த்தமாட்டோம் என்று மூன்று கதவுகளுக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அரசின் வரி வருமானத்தில் பாதிக்கும் மேல் இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. 2019இல் கொன்சவேட்டிவ் பிரதமர் ஜோன்சனும் இதே பூட்டைப் போட்டார். இரண்டே ஆண்டில், சுகாதாரத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் என்று சொல்லித் தேசியக் காப்புறுதியை 1.25 வீதப் புள்ளி உயர்த்துவதாக அறிவித்தார். 1992இல் தொழிற்கட்சியின் நிழல் நிதியமைச்சர் ஜோன் ஸ்மித் தன் வரி உயர்வுகளை ஒளிக்காமல் ஒரு நிழல் வரவுசெலவுத் திட்டமாகவே முன்வைத்து, "வரிக் குண்டு" என்ற சுவரொட்டிகளுக்கு முன்னால் தோற்றுப்போன பயம் அந்தக் கட்சியை இன்னும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது இருபது வீத வற் வரி போடுவதைப் பற்றி அக்காவின் மகனும் என் மகளும் ஒரு மணிநேரம் வாதாடினார்கள். அவன் இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பக் கடையில் இரவு பத்து மணிவரை நிற்பவன். அவள் அரச பள்ளி ஆசிரியை. அந்த வருமானத்தில் 6,500 ஆசிரியர்களை அமர்த்துவோம் என்கிறார்கள். இங்கிலாந்தில் அரச பள்ளிகள் இருபதாயிரத்துக்கும் மேல். "மூன்று பள்ளிக்கு ஓர் ஆசிரியர். அவரை எந்த நாளில் எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள்?" என்று கேட்டது அக்காவின் மகன் அல்லன், என் மகள்தான். அவன் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டான். அவள் தன் வாக்கை மாற்றப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். ஐ.எஃப்.எஸ். என்னும் நிதியாய்வு நிறுவனம் கடந்த திங்கட்கிழமை இரண்டு பெரிய கட்சிகளின் விஞ்ஞாபனங்களையும் அலசி, இருவரும் சேர்ந்து மௌனம் சாதிக்கிறார்கள் என்று கடிந்துகொண்டது. கடன் ஐந்தாவது ஆண்டில் தேசிய வருமானத்தோடு ஒப்பிடக் குறைய வேண்டும் என்ற விதியை இருவரும் ஏற்றுக்கொண்டுள்ளனர். வைத்தியசாலை, பள்ளி, பாதுகாப்பு ஆகியவற்றைத் தொடமாட்டோம் என்கிறார்கள். அப்படியானால் வெட்டு எங்கே விழும்? நீதிமன்றங்கள், சிறைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றில்தான் விழ வேண்டும். மகள் இருக்கும் குரொய்டனைப் பார். 2020இலும் 2022இலும் வரவுக்கு மேல் செலவு போய்விட்டதென்று சட்டப்படி அறிவித்த மன்றம் அது. 2023இல் கவுன்சில் வரி பதினைந்து வீதம் உயர்ந்தது. பிறகு நொட்டிங்ஹாமும் பேர்மிங்ஹாமும் அந்த வரிசையில் சேர்ந்தன. இத்தனைக்கும் இரண்டு விஞ்ஞாபனங்களிலும் உள்ளூராட்சி நிதிக்குக் கிடைத்த இடம் சில வரிகள். முதியோர் பராமரிப்பும் அப்படியே. 2017இல் அப்போதைய பிரதமர் தெரேசா மே அம்மையார் அதைப் பற்றித் துணிந்து எழுதி, நான்கே நாளில் பின்வாங்கி, "எதுவும் மாறவில்லை" என்று சொன்ன பிறகு, அந்தப் பக்கம் போக எல்லோருக்கும் நடுக்கம். தொழிற்கட்சி "தேசிய பராமரிப்புச் சேவை" என்று பெயர் வைத்திருக்கிறது. அட்டவணையில் அதற்கு எதிரே தொகை இல்லை.

வேல்ஸில் உன் பக்கத்துக் கதை எனக்கு இன்னும் விசித்திரமாக இருக்கிறது. வாரம் 40,000 கூடுதல் வைத்திய சந்திப்புகள் என்று தொலைக்காட்சியில் கேட்டு உன் பழைய நோயாளிகள் உன்னிடம் வந்து விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது இங்கிலாந்துக்கு மட்டும் என்பதையும், வேல்ஸில் சுகாதாரம் கார்டிஃப் அரசின் பொறுப்பு என்பதையும், இங்கே செலவு கூடினால் அங்கே ஒரு பங்கு தொகையாக வருமே தவிர சந்திப்பாக வராது என்பதையும் அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேருக்கு விளக்கப் போகிறாய்? சுகவீனக் கொடுப்பனவுகள் உள்ளிட்ட நலச் செலவில் ஆண்டுக்கு 12 பில்லியன் மிச்சம் பிடிப்போம் என்று கொன்சவேட்டிவ் கட்சி சொல்வதை, நிலக்கரித் தூசி தின்ற நுரையீரல்களை முப்பது வருடம் பார்த்த நீ எப்படி வாசிக்கிறாய் என்று எழுது. ரிஃபோர்ம் கட்சி உன் வீட்டுக்கு அருகே மெர்தர் டிட்ஃபிலில் வெளியிட்டதை விஞ்ஞாபனம் என்று அழைக்காமல் "ஒப்பந்தம்" என்று அழைத்தது. வரி வரம்பை 20,000 ஆக்குவது உட்பட 140 பில்லியனுக்கு மேல் போகும் ஒப்பந்தம், ஐ.எஃப்.எஸ். அதன் கணக்கு ஒட்டவில்லை என்றது. 1900இல் தொழிற்கட்சியின் முன்னோடியான கியர் ஹார்டியைத் தொழிலாளர் பிரதிநிதியாக அனுப்பிய ஊரில் இது நடந்ததை நினைத்துப் பார்த்தேன். ஆனாலும், நான் போட்ட 530 பவுண் கணக்கைப் பற்றி வாய் திறந்தவர்களில் அவர்களும் உண்டு என்பதை மறைக்க எனக்கு மனமில்லை.

யாருக்குப் போடப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். மகளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லமாட்டேன். இந்த வருடம் படத்துடன் அடையாள அட்டை காட்ட வேண்டும். என் இலவச பஸ் அட்டை செல்லும், மாணவர்களின் பயண அட்டை செல்லாது. அடுத்த வியாழக்கிழமை மாலை பக்கத்து வீட்டுக்காரரும் நானும் நடந்தே போவதாகப் பேசியிருக்கிறோம். இரவு பத்து மணிக்குக் கருத்துக்கணிப்பு வந்ததும் உனக்குத் தொலைபேசி எடுப்பேன். அதற்கு முன் தூங்கிவிடாதே. உன் தொகுதி வேட்பாளர்களின் துண்டுப் பிரசுரங்களை எறியாமல் வைத்திருந்தால், அடுத்த கடிதத்தோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
சபா