ஈய மண்ணில் புல் வளர்த்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பழைய பேட்டரிகளை உடைத்துக் கொண்டிருந்த அந்தக் காலி மனை இப்போது பச்சையாக இருக்கிறது. "அப்போ ஈயம் போயிடுச்சா?" என்று பலர் கேட்கிறீர்கள். போகவில்லை. உலோகம் மக்கிப் போகாது, அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் புழுதியோடு பறப்பதும், மழை வெள்ளத்தோடு ஓடுவதும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அது உங்களால்தான்.

மண் பரிசோதனை செய்துகொடுத்த அம்மாவுக்கு முதல் நன்றி. கடுகும் சூரியகாந்தியும் போட்டால் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்தான் பொறுமையாக விளக்கினார். ஈயம் மண்துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும். வேருக்கு எளிதில் கிடைக்காது. வேதிப்பொருள் ஊற்றி இளக்கினாலோ, செடி எடுத்துக்கொள்வதற்கு முன்பே அது நிலத்தடி நீருக்கு இறங்கிவிடக்கூடும். ஆர்செனிக் என்றால் அதை இலையில் சேர்த்துவைக்கும் பெரணி உண்டு. நிக்கலையும் துத்தநாகத்தையும் அப்படி இழுக்கும் செடிகளும் உண்டு. ஈயத்தை வேரடியிலேயே கட்டிப்போடுவதுதான் சரி என்றார்.

எதை வைத்துக் கட்டுவது? நாற்றங்கால் பெரியவர் மனையின் ஓரத்தில் குந்தி, அங்கே தானாக முளைத்திருந்த புல்லை ஒரு பிடி பிடுங்கிக் காட்டினார். நூல் நூலாகப் பின்னிக் கிடந்த வேரில் மண் உதிராமல் தொங்கியது. "இந்த விஷ மண்ணிலேயே பிழைச்சிருக்கு, இதை விட்டுட்டு வேற எதைத் தேடுறீங்க?" அந்தப் புல்லின் விதையைத்தான் சேகரித்தோம். அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பும், ஈயத்தைப் பிடித்துவைக்க மட்கிய உரமும் கொண்டுவந்து கொட்டியவர்களுக்கும் நன்றி.

மண் மாதிரி எடுத்த இளைஞர்களே, உங்கள் பொறுமை பெரிது. துத்தநாகம் பூசிய வாளி முடிவைக் கெடுத்துவிடும் என்று பிளாஸ்டிக் வாளி தேடி அலைந்தீர்கள். குழிக்குக் குழி மண்ணைச் சீவி, கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரித்து... பார்த்த எங்களுக்கே கை வலித்தது.

நடவு நாளில் படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் நன்றிதான். கோடையில் குடம் தூக்கி வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நன்றி. அப்புறம், ஆடுகளைச் சுற்றுவழியில் ஓட்டிப்போனவர்களை மறக்க முடியாது. புல்லுக்குள் ஈயம் அதிகம் ஏறாவிட்டாலும் இலைமேல் படியும் தூசியே ஆட்டுக்குப் போதும். வெட்டிய புல்லை எரிக்காமல், உரக்குழியில் போடாமல், மூட்டை கட்டி ஆபத்தான கழிவோடு சேர்த்து அனுப்பிவைத்த தொழிலாளர்களுக்கு எங்கள் வணக்கம்.

அங்கே கீரை போடலாமா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்களே, வேண்டாம். பிள்ளைகளை விளையாடவும் விடாதீர்கள். மழை ஓய்ந்ததும் மறுபடி மண் எடுக்கிறோம். கை கொடுக்க முடிந்தவர்கள் வாருங்கள், கையுறை நாங்கள் தருகிறோம்.

அன்புடன்,
நடவுக் குழுவினர்