அட்லஸ் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. உன் தங்கை கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. தீர்ந்தும் போயிற்று என்று அவளிடம் சொல். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். மெக் எனப்படும் ராட்சதப் போர் இயந்திரங்களை ஓட்டிச் சண்டையிடும் மெக்வாரியர் ஆன்லைன் என்ற கணினி விளையாட்டை இறக்கிவிட்டதாகவும், ஆட்டத்துக்குள் பணம் சேர்ந்தவுடன் நேராக அட்லஸ் என்ற மெக்கைத்தான் வாங்கப் போவதாகவும் நீ அனுப்பிய இரண்டு வரியைப் படித்த பிறகு எனக்கு வேறு எதையும் எழுதக் கை வரவில்லை.

பச்சை சூட்கேஸுக்குப் பிறகாவது பெரியதன் மேல் உனக்குள்ள மோகம் தீர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அட்லஸின் கவர்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. நூறு டன் எடை, மண்டையோடு போன்ற முகம், வலது இடுப்பில் ஏசி இருபது என்ற பெரிய தானியங்கிப் பீரங்கி. ஒரு தெருமுனையில் அது எதிரே வந்து நின்றால் எவனுக்கும் ஒரு கணம் விரல் நடுங்கத்தான் செய்யும். ஆனால் கடையில் வரும் நிலையில் அதன் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

இந்த விளையாட்டில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். நால்வர் சேர்ந்தது ஒரு லான்ஸ். அப்படி மூன்று லான்ஸ். ஆட்டம் தொடங்கியதும் இரண்டு அணிகளும் வரைபடத்தின் நடுவிலுள்ள மேட்டையோ கட்டடத்தையோ சுற்றி ஒரே திசையில் ஓட ஆரம்பித்துவிடும். ஒவ்வோர் அணியும் மற்றதன் வாலைப் பிடிக்கப் பார்க்கும். அமெரிக்கக் கார் பந்தயத்தை நினைத்து ஆட்டக்காரர்கள் இதை ‘நாஸ்கார்’ என்று சலித்துக்கொள்கிறார்கள். இதில் வாலாக மாட்டிக்கொள்பவன் யார்? மெதுவாக நடப்பவன்தான். தன் அணியின் கடைசி முதுகு அடுத்த திருப்பத்தில் மறைவதைப் பார்த்துக்கொண்டே, பின்னால் வந்து சேரும் எதிரணியின் முன்னோடிகளான மூன்று இலகு மெக்குகளுக்கு அவன் தன் மெல்லிய முதுகுக் கவசத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பழகிய அட்லஸ்காரன் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வரைபடத்தைப் படித்து, கூட்டம் எந்தப் பக்கம் சுழலும் என்று கணித்து, குறுக்கு வழியில் முன்கூட்டியே நடக்கத் தொடங்கிவிடுவான். அந்த வரைபட அறிவு உனக்கு வரும். முதல் வாரத்தில் வராது.

சென்ற ஆண்டு நம் கூட்டாளி வாத்தியாருக்கு நேர்ந்தது இதுதான். அவர் வாங்கியது அட்லஸ் அல்ல, டயர் உல்ஃப். எடை அதே நூறு டன், திரும்புவதில் அதைவிடச் சோம்பேறி. தன்னை யார் சுட்டார், எங்கிருந்து சுட்டார் என்று தெரியாமலே மாண்டு, மீதி ஆட்டத்தை அடுத்தவன் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் சனிக்கிழமை அழைப்புகளுக்குப் பதில் போடுவதையும் நிறுத்திவிட்டார். நீயும் அப்படிப் போய்விடுவாயோ என்பதுதான் என் கவலை; நம் ஐவரில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

ஆகவே, ஹன்ச்பேக் என்ற மெக்கை வாங்கு. முகத்தைச் சுளிக்காதே. பெயரே கூனன் என்பதால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதை நம் கூட்டத்துக் குள்ளன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். ஐம்பது டன், நடுத்தர வகை. விலை அட்லஸினுடையதில் பாதிகூட வராது. முதல் 25 ஆட்டங்களுக்குக் கேடட் என்ற பெயரில் கூடுதல் பணம் தருவார்கள். அதன் பிறகு சம்பாத்தியம் சுருங்கிவிடும். வாங்கிய மெக்கை விற்றால் பாதி விலைதான் கைக்கு வரும். வாங்கியதோடும் செலவு நிற்காது. வெப்பத்தை இருமடங்கு வேகத்தில் வெளியேற்றும் டபுள் ஹீட் சிங்க்குக்கு மாற மட்டும் 15 லட்சம் சி-பில் (ஆட்டத்துக்குள் புழங்கும் பணம்) வேண்டும், அதைச் செய்யாமல் களத்தில் இறங்குவது வீண். அட்லஸில் மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு இதற்குக் கையேந்தி நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹன்ச்பேக்கிலும் எதை எடுப்பது என்று ஒரு கேள்வி உண்டு. எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது 4ஜி. வலது தோளின் கூனுக்குள் அந்த ஏசி இருபதை வைத்திருக்கும் வகை. 270 மீட்டருக்குள் அது விழுந்தால் இருபது புள்ளிச் சேதம் ஒரே இடத்தில் இறங்கும். அந்த ஓசைக்காகவே வாங்கலாம். ஆனால் கூனில்தான் எல்லாம் இருக்கிறது என்று எதிரிக்கும் தெரியும். முதல் ஒரு நிமிடச் சண்டையிலேயே அதைப் பெயர்த்துவிட்டால் உன்னிடம் மிஞ்சுவது கைகளிலும் தலையிலும் உள்ள சில்லறை லேசர்கள்தான். உனக்கு 4எஸ்பி பொருந்தும். கூன் இல்லாத கூனன் அது: இரண்டு பக்க மார்பிலும் ஒவ்வொரு குறுந்தூர ஏவுகணைத் தொகுதி, இரண்டு கைகளிலும் நடுத்தர லேசர்கள். ஒரு பக்கம் முழுவதும் போனாலும் மறுபக்கத்தோடு சண்டையைத் தொடரலாம்.

இங்கேதான் நீ கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை இருக்கிறது. மெக்கின் கால்கள் ஒரு திசையில் நடக்க, இடுப்புக்கு மேல் வேறு திசையில் திரும்பும். லேசரை அழுத்தினால் கதிர் ஏறத்தாழ ஒரு விநாடி எரியும். அதுவரை குறியை எதிரியின் நடுமார்பில் பிடித்திரு. கதிர் அணைந்த அந்தக் கணமே உடலைப் பக்கவாட்டில் வெட்டித் திருப்பி, பதிலுக்கு வரும் குண்டுகளைத் தோளிலும் கையிலும் வாங்கு. ஆயுதங்கள் மீண்டும் தயாரானதும் முகம் காட்டு, சுடு, திரும்பு. எதிரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பவனின் நடுமார்பு மட்டும் உடையும், மற்ற இடங்களின் கவசம் அப்படியே புத்தம் புதிதாக இருக்கும், ஆள் செத்திருப்பான். சட்டென்று திரும்பக்கூடிய ஹன்ச்பேக்கில் இந்தப் பழக்கம் தானாக வந்துவிடும்.

எஞ்சினை மாற்றும்போது ஆசைப்படாதே. எக்ஸ்எல் எஞ்சின் எடையை வெகுவாகக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஹன்ச்பேக்கும் அட்லஸும் சேர்ந்த இன்னர் ஸ்பியர் தரப்பின் மெக்குகளில் அதன் பாகங்கள் பக்க மார்புகளிலும் பரவியிருப்பதால் ஒரு பக்கம் உடைந்தாலே மரணம். இரண்டு பக்கமும் போன பிறகும் தலையிலுள்ள ஒற்றை லேசரோடு நிற்கும் ஹன்ச்பேக்குகளை நான் களத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிடிவாதம் ஸ்டாண்டர்ட் எஞ்சினில்தான் கிடைக்கும். எதிர்த் தரப்பான கிளானின் எக்ஸ்எல் ஒரு பக்கம் போனால் தாங்கும் என்று சொல்லி, குள்ளன் உன் தலையில் டிம்பர் உல்ஃப் என்ற கிளான் மெக்கைக் கட்டப் பார்ப்பான். நல்ல வண்டிதான், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடு.

நீ இன்னும் சொல்லாத ஒன்றையும் ஊகித்து எழுதுகிறேன். அட்லஸ் வேண்டாம் என்றால் ஏவுகணை மெக்கான கேட்டபுல்ட்டை வாங்கி, மலைக்குப் பின்னால் நின்றுகொண்டு நெடுந்தூர ஏவுகணைகளை வானத்தில் விடலாம் என்று உனக்குத் தோன்றும். 180 மீட்டருக்குள் எவனாவது வந்துவிட்டால் அவற்றால் கீறல்கூட விழாது என்பதை விடு. எனக்கு எரிச்சல் வேறு காரணத்தால். பன்னிரண்டு பேரின் கவசமும் அணியின் பொதுச் சொத்து. முன்வரிசையில் நிற்பவன் நைந்ததும் பின்வாங்க வேண்டும், புதுக் கவசத்தோடு இருப்பவன் முன்னே போய் அடுத்த அடியை வாங்க வேண்டும். பதினோரு பேரும் இறந்த பிறகு ஒரு கீறலும் இல்லாமல் மூலையில் தனியாக நிற்பவன் சாமர்த்தியசாலி அல்லன், பங்காளி. அணிக்குச் சேர வேண்டியதைப் பதுக்கியவன். அறுபது டன்னும் எழுபது டன்னும் முன்னே போகத் தயங்கும்போது ஐம்பது டன்னோடு நீ ஓரடி எடுத்து வைத்தால் மொத்த அணியும் பின்னால் வருவதைப் பார்ப்பாய். அந்தச் சுகத்துக்காகத்தான் நான் இன்னும் இதை ஆடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு எழுதியும் உனக்கு நம்பிக்கை வராது, உன்னை எனக்குத் தெரியாதா. வாங்காமலே ஆடிப் பார்ப்பதற்கான டிரையல் மெக்குகள் இலவசம். பட்டியலில் அப்போது இருக்கும் ஐம்பது டன் ஒன்றிலும் நூறு டன் ஒன்றிலும் மாறி மாறி ஆடிப் பார்த்து, எதில் அதிக நேரம் உயிரோடு இருந்தாய் என்று எனக்கு எழுது. அதுவரை வாங்கும் பொத்தானைத் தொடாதே. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நானும் குள்ளனும் இருப்போம். மைக் உள்ள ஹெட்போனோடு வா. சென்ற முறைபோல் அண்ணியின் மிக்சி சத்தத்தோடு வராதே.

வாத்தியாருக்கும் எழுதியிருக்கிறேன். டயர் உல்ஃபை விற்றால் கிடைக்கும் பாதி விலையிலேயே ஒரு நல்ல ஹன்ச்பேக் வந்துவிடும் என்று கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லேன், உன் பேச்சைக் கேட்பார்.

அன்புடன்,
உன் பங்காளி