பூனைக்குட்டியை மறந்த கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இந்து சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையின் நடுவே, 'இந்து மதம் வினையின் மதம். கிறித்தவம் அருளின் மதம்' என்ற வரியைக் கட்டம் கட்டி அச்சிட்டிருந்தீர்கள். பல நூற்றாண்டு வழக்கை ஏழே சொற்களில் தீர்த்துவைத்த கட்டுரையாளரின் சிக்கனத்தை மெச்சத்தான் வேண்டும்.

தாங்கள் அறியாததல்ல. வைணவத்தின் இரு பிரிவுகளான தென்கலையும் வடகலையும் முரண்பட்ட இடங்களுள் முதன்மையானதே அருள்தான். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல அடியவனிடமும் ஒரு சிறு முயற்சி வேண்டும் என்றனர் வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வதுபோல எல்லாம் இறைவன் பொறுப்பு என்றனர் பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையார். 'அவனருளாலே அவன்தாள் வணங்கி' என்ற மாணிக்கவாசகரை எந்தக் கணக்கில் எழுதுவது? அவருடைய திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் தந்தவரே ஜி. யு. போப் என்னும் பாதிரியார்தானே! மறுபக்கம், 'மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்' என்று கலாத்தியருக்கு எழுதியவர் அப்போஸ்தலர் பவுல். அருளா, முயற்சியா என்ற பூசல் கிறித்தவ இறையியலாளர்களான அகஸ்டினுக்கும் பெலாஜியஸுக்கும் 5-ஆம் நூற்றாண்டிலேயே மூண்டது. இதே விஷயத்தில் சீர்திருத்தக் கிறித்தவர்களான லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட 1999 வரை ஆயிற்று.

எனக்கு இது ஏட்டுச் சண்டை அல்ல. என் மகள் கிறித்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். திருமணப் பேச்சின்போது அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், 'உங்கள் மதத்தில் மன்னிப்பே கிடையாதாமே' என்று உண்மையான இரக்கத்தோடு என்னிடம் கேட்டார். என் பக்கத்து உறவினர் ஒருவரோ, 'அங்கே போனால் பாவக்கணக்கு மொத்தமும் தள்ளுபடியாமே' என்று சிரித்தார். இருவரும் தங்கள் கட்டுரையைப் போன்ற ஒன்றைப் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பிறகு ஒரு மாலையில் சம்பந்தியம்மாவிடம் பூனைக்குட்டி உவமையைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ஓரம் கிழிந்த வேதாகமத்தில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தைப் பிரித்து, 'கிருபையினாலே' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தபடி, 'அப்படியானால் எங்கள் பவுலும் பூனைக் கட்சிதான்' என்றார். வேதம், ஆகமம், கிருபை என்று அந்தப் புத்தகம் ஆளும் சொற்களே எங்கிருந்து வந்தவை என்பதையாவது கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

வேறுபாடே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. மறுபிறவி ஒன்று போதாதா? ஆனால் உண்மையான வேறுபாட்டைத் தாங்கள்தான் மறைக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் சிறப்பிதழ், இயேசுவின் பிறப்பும் கண்ணனின் அவதாரமும் ஒன்றே என்று எழுதியது. யுகந்தோறும் வருவேன் என்பது கீதை. ஒரே முறை, அதுவும் மீண்டும் தேவைப்படாதபடி, என்பது கிறித்தவர்களின் உயிர்நாடி. இதைச் சொல்லி அன்று மூன்று பக்கம் எழுதினேன். இடப்பற்றாக்குறை என்று பதில் வந்தது. அதே இதழில் வாசகர் துணுக்குகளுக்கு ஒன்றரைப் பக்கம் கிடைத்திருந்தது.

இப்போது நான் கேட்பது இரண்டே வரி. புகைப்பட விளக்கங்களைத் திருத்தும் அந்தச் சிறிய பகுதியில், கட்டத்திலிருந்த வாக்கியம் இரு சமயங்களுக்குமே பொருந்தாது என்று வெளியிட்டால் போதும். இக்கடிதத்தை அனுப்புமுன் சம்பந்தியம்மாவிடம் படித்துக்காட்டினேன். பவுலைப் பற்றி இரண்டு திருத்தங்கள் சொன்னார், செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்