லெவல் 92-இல் நின்றுபோன நம் கிளான் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடும் அன்புத் தோழர்களே,

நம் கிளானில், அதாவது சேர்ந்து ஆடும் நம் குழுவில், வுட்கட்டிங் (மரம் வெட்டுவது) 92, ஃபிஷிங் 92, மைனிங் 91 என்று ஸ்கில்களில் மளமளவென ஏறிவிட்டு, அதன்பிறகு மாதக்கணக்கில் ஒரு லெவல்கூட அசையாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். இந்த மடல் உங்களுக்குத்தான். உங்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல வரவில்லை. அங்கே போய் நிற்பதற்கான காரணம் இந்த விளையாட்டின் கணக்கிலேயே இருக்கிறது.

முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்குப் போக 83 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போதும், சாதா மரத்தில் நாலு கட்டை வெட்டினால் முடிந்தது. ஒரு ஸ்கில்லின் உச்ச லெவலான 99-க்கு மொத்தம் 1,30,34,431 வேண்டும். 92-ஐத் தொடும்போது உங்களிடம் இருப்பது 65,17,253, அதாவது சரிபாதி. தொண்ணூற்றிரண்டு படி ஏறிவிட்டோம், இன்னும் ஏழுதானே என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நீங்கள் நிற்பது பாதி வழியில். மனம் விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

யூ மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டைக்கு 175 எக்ஸ்பி. 92-லிருந்து 99-க்கு 37,000-க்கும் கொஞ்சம் அதிகமான கட்டைகள் வேண்டும், கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால் பையில் 28 கட்டைதான் பிடிக்கும், அந்தக் கணக்கில் பார்த்தால் 1,330 பை. ஒரு நாளைக்கு 20 பை வெட்டி வங்கியில் போட்டால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். லெவல் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பையை எண்ண ஆரம்பித்த பிறகுதான் என்னால் தொடர்ந்து வெட்ட முடிந்தது. 98-லிருந்து 99-க்கு மட்டுமே 7,000 கட்டைக்கு மேல் வேண்டியிருந்தது, அந்த நேரத்தில் லெவல் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன்.

அப்புறம் இந்த 'மணிக்கு எத்தனை எக்ஸ்பி' விஷயம். நம் சாட்டில் யாராவது புதிதாக வந்து "மீன் பிடிச்சுட்டு இருக்கேன்" என்று சொன்னால், அடுத்த நொடியே நாலு பேர் அதைவிட வேகமான வழியைச் சொல்கிறோம். விளையாட்டின் கடிகாரத் துடிப்பான டிக் 0.6 விநாடிக்கு ஒன்று, அந்தத் தாளத்துக்குச் சரியாகக் கிளிக் செய்துகொண்டே இரு என்கிறோம். பிடித்தவர்கள் செய்யட்டும், அது ஒரு தனித் திறமைதான். ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவரிடம் அதைத்தான் சரியான வழி என்று சொல்வது தவறு, இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். போன வருடம் நான் அஜிலிட்டி (ஓடித் தாவும் ஸ்கில்) பயிற்சியை அப்படித்தான் தொலைத்தேன். கூரை விட்டுக் கூரை தாவும் பாதையில் வேகக் கணக்குப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவை தவறி விழுந்தாலே எரிச்சல் வந்து, பத்தே நாளில் விளையாட்டையே மூடிவிட்டு நாலு மாதம் பக்கமே வரவில்லை. மெதுவான வழியில் தினமும் அரை மணி நேரம் ஓடியிருந்தால் அந்த நாலு மாதத்தில் எவ்வளவோ ஏறியிருக்கலாம். நாளைக்கும் எந்த வழியில் உட்காரத் தோன்றுமோ, அதுதான் உங்களுக்கு வேகமான வழி.

திரும்பி வந்தபோது மொபைலில்தான் ஆரம்பித்தேன், பஸ்ஸில் போகும்போது இரண்டு பை, சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பை என்று. ஒன்றில் அலுப்புத் தட்டினால் வேறு ஸ்கில்லுக்கு மாறிக்கொள்வேன். தீ மூட்டும் ஃபயர்மேக்கிங்குக்கு வின்டர்டாட், மந்திர ரூன்கள் செய்யும் ரூன்கிராஃப்ட்டுக்கு கார்டியன்ஸ் ஆஃப் தி ரிஃப்ட் என்று கூட்டமாகச் செய்யும் வேலைகள் இருக்கின்றன, அங்கே நேரம் போவதே தெரியாது.

நமக்குப் பதிலாகத் தானே விளையாடும் பாட் நிரலைப் போட்டு லெவலை ஏற்றலாமா என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். கணக்கு முடக்கப்படும் என்பது ஒரு பக்கம். 99 வந்து தலைக்கு மேல் வாணவேடிக்கை வெடிக்கும் அந்தக் கணத்தில் நீங்களே அங்கே இல்லை என்றால், 99,000 காசு கொடுத்து வாங்கும் அந்த ஸ்கில் கேப்பை (99 எட்டியவர்கள் அணியும் மேலங்கியை) எந்த மனசோடு மாட்டிக்கொள்வீர்கள்?

கிளானை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 99-க்கு மட்டும் வாழ்த்துச் சொல்லும் வழக்கத்தை மாற்றுவோம். 93, 94, 95 எல்லாவற்றுக்கும் சாட்டில் பெயர் சொல்லி வாழ்த்துங்கள், அந்த ஏழு லெவலில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். 2023-இல் ஃபாரஸ்ட்ரி என்ற அப்டேட் வந்ததிலிருந்து ஒரே மரத்தைச் சேர்ந்து வெட்டினால் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியாத லெவல் கூடுதலாகக் கிடைக்கிறது, அதையும் நாம் இதுவரை சரியாகப் பயன்படுத்தவே இல்லை.

வரும் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு விளையாட்டுக்குள் இருக்கும் வுட்கட்டிங் கில்டில் யூ மரங்களுக்குப் பக்கத்தில் இருப்பேன். வுட்கட்டிங்கில் 60 லெவல் இருந்தால் உள்ளே வரலாம், கோடாலி இல்லாதவர்களுக்கு என்னிடம் உபரியாக மூன்று இருக்கிறது. இருபது பை வெட்டுவோம், பேசிக்கொண்டே.

அன்புடன்,
உங்களில் ஒருவன்