ஐந்தாம் நாள்

அன்பு மகளுக்கு,

ஓய்வுபெறும் விழாவில் என்னை அறிமுகம் செய்ய ஒரு வரி கேட்டாய். "அப்பா, நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றாய். போனில் சிரித்து மழுப்பிவிட்டேன். இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பன்றி இனவிருத்தியில் நான் கண்டுபிடித்ததாக ஒரு மரபணுவும் இல்லை. ஒன்று 1991-இல் கைநழுவிப் போனது. கைநழுவியது என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வதுதான், அது என் கைக்குப் பக்கத்தில் வந்ததே இல்லை. அப்போது என் வேலை, பன்றிக்குட்டியின் மூக்கில் முகமூடி பொருத்தி ஹாலோத்தேன் மயக்க மருந்தைச் சில நிமிடம் சுவாசிக்க வைப்பது. பெரும்பாலான குட்டிகள் துவண்டு தூங்கிவிடும். சிலவற்றுக்குக் கால்கள் கட்டை போல விறைக்கும். அந்தப் பன்றிகள்தான் பின்னால் வண்டியில் ஏற்றும்போதே உடல் கொதித்துச் செத்து விழும். இறைச்சியும் வெளிறி, தொளதொளத்து, நீர் ஒழுகும். தாய், தகப்பன் இருவழியாகவும் அந்தக் கோளாறு வந்திருந்தால்தான் கால் விறைக்கும். ஒருவழியாக மட்டும் வந்த குட்டி சமர்த்தாகத் தூங்கி எங்களை ஏமாற்றிவிடும்.

நீ பிறந்த அந்த வருடம் டொராண்டோவில் டேவிட் மெக்லென்னனின் குழு காரணத்தைப் பிடித்துவிட்டது. தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாசல் ஒன்று இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. வாசல் சட்டெனத் திறந்துகொள்ளும், லேசில் மூடாது. அப்புறம் முகமூடி எதற்கு? கொஞ்சம் இரத்தம் போதும், ஒளிந்திருந்த குட்டிகளும் மாட்டிக்கொண்டன. எனக்குப் பொறாமை இல்லை என்றால் பொய். ஆனால் என்னைக் குடைந்தது வேறு. அந்த எழுத்து அத்தனை பன்றிகளிடம் எப்படிப் பரவியது? எங்களைப் போன்றவர்கள்தான் பரப்பினோம். கொழுப்பு குறைந்த, சதைப்பிடிப்பான பன்றிகளையே தேடித்தேடி இனவிருத்திக்கு எடுத்தோம். அந்த எழுத்து உள்ள பன்றிக்கு அதுதான் அடையாளம்.

இதைப் பார்த்த பிறகும் அதே தப்பை இன்னொரு முறை செய்தேன்.

ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பதைக் கூட்டுவதுதான் என் பிற்காலத்து வேலை. லேசுப்பட்டதல்ல. முதுகுக் கொழுப்பு என்றால் பன்றிக்குப் பன்றி உள்ள வித்தியாசத்தில் கிட்டத்தட்டப் பாதி மரபுவழி வருவது. குட்டிகளின் எண்ணிக்கையில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆண் பன்றியிடம் இதை அளக்கவும் வழியில்லை, அதன் மகள்கள் வளர்ந்து, சினையாகி, 114 நாள் சுமந்து ஈனும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஈற்றுகள் பெரும்பாலும் ராத்திரியில்தான். உன் பள்ளி நாடகத்துக்கு வராததற்குக் காரணம் அதுதான் என்று அப்போது சொன்னேன். நீ நம்பவில்லை, ஆனால் நிஜம்தான்.

எண்ணிக்கை கூடியது. வரைபடம் மேலே ஏற ஏறக் கைதட்டல் வாங்கினேன். பன்றிக்கு இருப்பது பதினான்கு, பதினாறு காம்புதான். குட்டிகள் முதல் சில நாளிலேயே சண்டையிட்டு ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பெரும்பாலும் மாறாது. கூட்டம் கூடினால் குட்டிகளின் எடை குறையும். எடை குறைந்தது சீக்கிரம் குளிர்ந்துபோகும், பால் குடிக்கப் பிந்தும், தாய் படுக்கும்போது விலகத் தெம்பிருக்காது. நான் பிறந்ததை எண்ணினேன், பிழைத்ததை எண்ணவில்லை.

டென்மார்க்கில் 2004-இலேயே கணக்கை மாற்றிவிட்டார்கள். பிறந்த அன்றல்ல, ஐந்தாம் நாள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். நான் அதைப் படித்தேன், தலையாட்டினேன், என் திட்டம் முடியட்டும் என்று மேலும் சில வருடம் தள்ளிப்போட்டேன்.

இத்தனைக்கும் எங்கள் கொட்டிலில் வேலை பார்த்த ஒரு பெண்மணி ஆரம்பத்திலிருந்தே ஈற்று நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வந்திருக்கிறார்: "2 நசுங்கியது", "3 குடிக்கவில்லை." நான் கட்டத்துக்குள் இருந்த எண்ணை மட்டும் கணினியில் ஏற்றினேன். ஓரத்துக்குக் கணினியில் இடம் இல்லை.

சரி, உன் வரிக்கு வருகிறேன். "பன்றிக்குட்டிகளை எண்ணினார், பல வருடம் தப்பாக எண்ணினார்" என்று எழுது. அம்மா சிரிப்பாள், மற்றவர்கள் கைதட்டலாமா வேண்டாமா என்று விழிப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம் ஒரு வேலை. நீ வீடு மாறியபோது தெரியாமல் உன் சாமான்களோடு போன அட்டைப்பெட்டியில் அந்த நோட்டுகள் இருக்கின்றன. விழாவுக்கு வரும்போது கொண்டு வா. ஓரங்களில் இருப்பதை உட்கார்ந்து ஏற்ற வேண்டும். போன தடவை பார்த்தபோதே பென்சில் மங்க ஆரம்பித்திருந்தது.

அன்புடன்,
அப்பா