மாமாவை அந்த பைப் செட்டை வாங்க வேண்டாம் என்று சொல்

டொராண்டோ
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மாமா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மண் இல்லாமல் கீரை வளர்க்கும் செட்: நாலு அடுக்கு பிவிசி பைப், 36 ஓட்டை, அடியில் ஒரு தொட்டி, ஒரு மோட்டார். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் சென்னையில் முதல் முதலாக வீட்டுக்குள் கீரை போடப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. காரணத்தையும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன். அவருக்குப் படித்துக் காட்டு.

இங்கே அக்டோபரில் உறைபனி தொடங்கினால் மே மாதம் பாதி போகும் வரை வெளியே நம்பி ஒரு நாற்று நட முடியாது. டிசம்பரில் பகலே ஒன்பது மணி நேரம்தான், ஜன்னல் வெளிச்சம் கீரைக்குக் காணாது. அதனால் டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் நம்மவர்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியெல்லாம் குளிர்காலத்தில் கூடத்துக்கு வந்துவிடும். ஆர்வம் உள்ளவர்கள் பேஸ்மென்டில் இரும்பு ரேக் நிறுத்தி, தட்டுக்குத் தட்டு எல்இடி மாட்டி, மண் இல்லாமல், உரம் கரைத்த சத்துநீரிலேயே கொத்தமல்லி, புதினா, முளைக்கீரை வளர்க்கிறார்கள். சாமான் கிடைப்பதில் சிரமமே இல்லை. 2018 அக்டோபரில் கனடாவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள், இங்கே வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். அதற்கான விளக்கு, பம்ப், உரம் விற்கும் கடைகள் நிறைய. ஆனால் அங்கே விற்கும் பூப்பதற்கான டானிக் பாட்டில்கள் கீரைக்குத் தேவையே இல்லை. அங்கேயும் யாராவது அப்படி விற்றால் வாங்காதே.

இனி பைப் விஷயம். அந்த முறையில் பைப்புக்குள் சத்துநீர் மெல்லிய ஏடாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேருக்குக் கையிருப்புத் தண்ணீர் கிடையாது. மோட்டார் நின்றால் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்திலேயே செடி தொங்கிவிடும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார் மாமா. கரண்ட் போனால்தான் மோட்டார் நிற்கும் என்றில்லை. வேர்த்துணுக்கு சிக்கினாலும் நிற்கும். புதினா வேர் ஒரு பைப்பையே அடைத்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் ஓட்டை வழியாகத் தரையில்தான். அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. நீளமான பைப்பில் சுற்றிச் சுற்றி வரும் தண்ணீர் அறைச் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும், மோட்டார் சூடும் சேரும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். 25 தாண்டினால் வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இங்கே பேஸ்மென்ட் தண்ணீர் குளிர்ந்தே கிடப்பதால் அந்தப் பயமில்லை, வெளிச்சம்தான் பஞ்சம். சென்னையில் நீ சமாளிக்க வேண்டியது தண்ணீர்ச் சூட்டை.

அதனால் பக்கெட்டில் ஆரம்பி. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கிராட்கி சீர்படுத்திய முறை இது. மோட்டார் கிடையாது, அதை ஓட்டக் கரண்டும் தேவையில்லை. சமையல் எண்ணெய் வந்த 20 லிட்டர் டப்பா போதும், பெயின்ட் டப்பா வேண்டாம். வெளிப்பக்கம் முதலில் கறுப்புப் பெயின்ட், அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடி. கறுப்பு வெளிச்சத்தை மறைத்துப் பாசி பிடிக்காமல் காக்கும், வெள்ளை சூட்டைத் தள்ளும். மூடியில் 5 சென்டிமீட்டர் ஓட்டை நாலு போட்டு நெட் பாட், அதாவது செடியைத் தாங்கும் துளை போட்ட சின்னக் கிண்ணம், இறக்கு. புதினாவுக்கு ஒரே ஓட்டை போதும்.

விதையைச் சின்ன ஸ்பான்ஞ்சுத் துண்டில் போட்டு, வேர் அடியில் எட்டிப் பார்த்ததும் நெட் பாட்டில் வை. கொத்தமல்லியை இரண்டாக உடைத்து ஓர் இரவு ஊறவைத்துப் போடு, முளைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். நட்ட அன்று சத்துநீர் நெட் பாட்டின் அடியை ஒரு சென்டிமீட்டர் நனைத்தால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இடைவெளியில் பஞ்சு மாதிரி வேர் விடும், செடி மூச்சு விடுவது அந்த வேரில்தான். மட்டம் இறங்கிவிட்டதே என்று பதறி மறுபடி வாய் வரை ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த வேர் மூழ்கினால் செடி இரண்டு மூன்று நாளில் வாடும். ஊற்றியே ஆக வேண்டுமென்றால் பாதி டப்பாவோடு நிறுத்து.

கொசு விஷயத்தில் அசட்டையாக இருக்காதே. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நெட் பாட்டைச் சுற்றி சின்ன இடைவெளி இருந்தாலும் ஸ்பான்ஞ்சால் அடைத்துவிடு.

உரம். உரக்கடையில் 19:19:19, அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம், கொடுப்பார்கள். மண்ணுக்கு நல்லது, இதற்கு ஆகாது. அதில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. அதை மாற்றிக் கொடுக்க மண்ணில் உள்ள நுண்ணுயிர் இங்கே கிடையாது. கால்சியமும் இல்லை. இரண்டு பாட்டிலாகக் கரைத்து வை, இரண்டுமே ஒரு லிட்டர். முதல் பாட்டிலில் கால்சியம் நைட்ரேட் 60 கிராம், 12 சதவீத இரும்பு கீலேட் (தண்ணீரில் கரைந்தே நிற்கும் இரும்புச்சத்து) 1.7 கிராம். இரண்டாவதில் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது 13:0:45, 35 கிராம், 0:52:34 என்று கேட்டால் தரும் பொட்டாசியம் பாஸ்பேட் 15 கிராம், மெக்னீசியம் சல்பேட் 35 கிராம், பாக்கெட்டில் சொன்ன அளவு நுண்ணூட்டக் கலவை. இரண்டையும் நேராகச் சேர்த்துவிடாதே. கால்சியமும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் கெட்டியாகச் சந்தித்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் படியும், அது செடிக்குப் போகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு முதல் பாட்டிலில் 10 மில்லி ஊற்றிக் கலக்கு, பிறகு இரண்டாவதில் 10 மில்லி.

ஆர்.ஓ. தண்ணீர் பார்க்க நீ வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரே, அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவதே, இதற்கும் உதவும். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்தால் 650, 700 பக்கம் காட்டும், கீரைக்கு அது சரி. நாளாக நாளாக மட்டம் இறங்கி எண் ஏறினால் செடி தண்ணீரை மட்டும் குடிக்கிறது, கலவை கெட்டி என்று அர்த்தம். வெறும் தண்ணீர் ஊற்று. எண் இறங்கினால் அடுத்த முறை உரத்தைக் கொஞ்சம் கூட்டு. போர் தண்ணீரிலேயே 800, 1000 இருந்தால் அதில் கலக்கவே வேண்டாம். பிஎச், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். மலிவான பிஎச் மீட்டரை விட மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், பிஎச் பார்க்கும் சொட்டுத் திரவம் நம்பகமானது. பிஎச்சைக் குறைக்க எலுமிச்சைச் சாறு விட்டால் இரண்டு நாள்கூடத் தாங்காது. பாஸ்பாரிக் அமிலத்தை நீர்க்கச் செய்து சொட்டுச் சொட்டாக விடு. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறை போட்டுக்கொள்.

உங்கள் ஃப்ளாட்டில் வெயில் விழும் பால்கனி இல்லாததால் விளக்கு வேண்டும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத் தட்டுக்கு 20 வாட் எல்இடி பேட்டன் (நீளக் குழல் விளக்கு) நாலு, இலைக்கு 15, 20 சென்டிமீட்டர் மேலே, 16 மணி நேரம். இரண்டு மாதக் கரண்ட் கணக்கில் 77 யூனிட் வரும், ஸ்லாப் தாண்டுகிறதா பார்த்துக்கொள். இங்கே இரவு ஏழு முதல் காலை ஏழு வரை கரண்ட் மலிவு, அதனால் ராத்திரியில்தான் விளக்கு எரியும். நீயும் மாலை ஆறிலிருந்து காலை பத்து வரை டைமர் வை, பகல் சூட்டோடு விளக்குச் சூடு சேராது. ஒரு சின்ன டேபிள் ஃபேன் ஓடட்டும். காற்று அசையாவிட்டால் குருத்திலைக்குக் கால்சியம் போய்ச் சேராமல் ஓரம் கருகும்.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பார். அடியிலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு, அதுவும் பெரும்பாலும் பிஎச் ஏறியதால். வேர் பழுப்பாகி வழவழத்து நாற்றம் அடித்தால் காப்பாற்றப் பார்க்காதே. கொட்டி, டப்பாவை ப்ளீச்சிங் தண்ணீரில் கழுவிப் புதிதாகப் போடு.

கொத்தமல்லி, லெட்யூஸ் எல்லாம் நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும்தான். மார்ச்சிலிருந்து முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, புதினா போடு, இவை சூடு தாங்கும். முளைக்கீரையை நட்டு மூன்று, நாலு வாரத்தில் கிள்ளலாம். கறிவேப்பிலையை மட்டும் நின்ற தண்ணீரில் வைக்காதே, அது வடிகால் கேட்கும் செடி. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) தொட்டியிலேயே இருக்கட்டும்.

வேலை தொடங்கும் முன் போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டிலும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதி அனுப்பு. அதைப் பார்த்து, இரண்டையும் என்ன விகிதத்தில் கலக்கலாம் என்று சொல்கிறேன். மாமா அந்த பைப் செட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டிருந்தால் அதையும் சொல். தொட்டியையும் நெட் பாட்டையும் இதற்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
தம்பி